மஞ்சள் கயிறும் காந்தக் குழலும்

தாலிச் சரட்டில் ஊக்கு தொங்காத நடுவயதுப் பெண்ணைத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முந்தானை நழுவினால் குத்த ஒன்று, பிள்ளையின் சட்டைப் பித்தான் அறுந்தால் ஒன்று, காலில் தைத்த முள்ளை எடுக்க ஒன்று. தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு இரும்பும் கழுத்தில் கிடக்கிறது. வேலூரிலோ பெங்களூரிலோ ஒரு ஸ்கேன் மையத்தின் உடைமாற்றும் அறையில் அந்தப் பெண் நிற்கும்போது, "அம்மா, நகை எல்லாம் கழட்டிடுங்க" என்று சொன்னால் அவர் கை முதலில் போவது வளையலுக்கும் தோட்டுக்கும்தான். ஊக்கை அவர் நகையாக எண்ணுவதே இல்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கோ தங்கத்தின் மேல் நாட்டமில்லை. அது இழுப்பது அந்த ஊக்கைத்தான்.

பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் மூழ்கி, பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் இருக்கும் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் அந்தப் புலத்தை உண்டாக்குகிறது. ஸ்கேன் முடிந்தாலும், விளக்கை அணைத்தாலும், ஞாயிற்றுக்கிழமை மையம் பூட்டியிருந்தாலும் காந்தம் உயிரோடுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினரின் ஸ்கேனுக்காக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனார். சிலிண்டரோடு அவரையும் சேர்த்துக் காந்தம் இழுத்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. வாசலில் நின்று ஊக்கு ஊக்காகத் தேடச் சொல்லும் ஊழியரின் கண்டிப்புக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன.

இப்போது அந்த வாசலில் நோயாளிகளோடு நோயில்லாதவர்களும் வந்து நிற்கிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் இல்லை. தலை முதல் தொடை வரை, சில இடங்களில் பாதம் வரை, முழு உடம்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பணம் கட்டி வருகிறார்கள். நகரத்து வழக்கமாகத் தொடங்கிய இது வாணியம்பாடி, ஆம்பூர் தோல் வணிகக் குடும்பங்களின் பேச்சிலும், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோரிடம் போனில் பேசும் பேச்சிலும் நுழைந்துவிட்டது. தமிழில் யாரும் மருத்துவரைப் 'பார்ப்பதோடு' நிறுத்துவதில்லை, உடம்பை அவரிடம் 'காட்டுவார்கள்'. "காட்டிட்டு வந்துடுறேன்" என்பதுதான் இந்தப் பக்கத்துப் பேச்சு. நோயில்லாத உடம்பைக் காட்டும் வழக்கத்துக்கும் இந்த ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு வரலாறு உண்டு. அது காந்தத்துக்கு மிகவும் முந்தியது.

'சர்வே' என்ற சொல் திருப்பத்தூருக்குப் பழையது. இந்தப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறிய 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இந்த ஊரைத் தலைமையிடமாக வைத்துத்தான் வயல்களை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்கு உதவியாளர். நிலத்தை அளந்தது வரிக்காக. உடம்பை அளக்கும் வழக்கம் வந்தது ரயிலோடு.

திருப்பத்தூரை அடுத்த ஜோலார்பேட்டையில் 1860களில் தண்டவாளம் பிரிந்து ஒரு கிளை பெங்களூருக்குப் போனது. அதன்பிறகு அந்தச் சிற்றூரின் பிழைப்பே ரயில்தான் என்றானது. ரயில் ஓட்டுகிறவருக்குக் கண் சரியாகத் தெரிய வேண்டும், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிய வேண்டும். அதனால் ஓட்டுநர்களுக்கு உடல்நலக் குறை ஏதும் இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் பரிசோதனை உண்டு. இன்றைய விதிப்படி 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் 'மெடிக்கல்' நெருங்குகிறது என்றால் வீட்டுச் சமையலே மாறும். காரட்டும் முருங்கைக்கீரையும் கூடும், ராத்திரி கண் விழிப்பது குறையும். தேர்வில் தவறினால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஓட்டுப்படி போய்விடும். நலமாக இருக்கும் உடம்பைக் காட்டுவது இங்கே முதலில் சடங்கானது இப்படித்தான். அதில் ஓட்டுநரின் உயிரைவிடப் பயணிகளின் உயிர்தான் கணக்கு.

சேலம் மாவட்டத்தோடு இருந்த திருப்பத்தூர் வட்டம் 1911இல் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. பத்து ஆண்டு கழித்து, 1921இல், ஊருக்கு வெளியே கிறிஸ்துகுல ஆசிரமம் எழுந்தது. நிறுவியவர்கள் இருவருமே மருத்துவர்கள். ஒருவர் தமிழர், சவரிராய இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் ஆலோவா ஊரில் கம்பளி நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள். சுற்றுவட்டார மக்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். கோபுரம் வைத்த கோயில் பாணியில் தேவாலயம் கட்டிய அந்த ஆசிரமம், மருத்துவத்தையும் வேற்றாள் வேலையாகச் செய்யவில்லை. டாக்டர் துரையிடம் காட்டக் கூச்சப்படும் ஊரில் அண்ணனிடம் காட்டக் கூச்சம் குறையும். இந்த முறைப்பெயரின் வலிமையைப் பின்னால் வந்த சுகாதாரக் குழுக்களில் புரிந்துகொண்டவர்கள் வெற்றி பெற்றார்கள், புரியாதவர்கள் சாத்திய கதவுகளைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அந்தக் குழுக்களில் பெரியது தொழுநோய்க் குழு. வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் அப்போது நாட்டிலேயே தொழுநோய் மிகுந்த பகுதிகளில் இரண்டு. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து, மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியது உலகறிந்த கதை. 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. அதன் வழிமுறை மூன்று சொல்லில் அடங்கும்: கணக்கெடுப்பு, கல்வி, சிகிச்சை. விரல் மடங்கிய பிறகு வருகிறவரைத் திருத்துவதைவிட, தேமல் தோன்றும்போதே கண்டுபிடித்தால் விரல் மடங்காது. அதற்கு ஒரே வழி, ஊரில் உள்ள ஒவ்வொருவரின் தோலையும் பார்ப்பது.

அதுதான் இந்த மாவட்டம் கண்ட முதல் முழு உடல் ஸ்கேன். கருவி எதுவும் கிடையாது. வேண்டியது சூரிய வெளிச்சம், ஒரு கோழி இறகு அல்லது பேனா முனை, பழகிய கண். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் வெளிறிய தேமலின் ஓரம் தெரியும் என்பதால் விளக்கொளியில் பார்ப்பதில்லை. காது மடல் தடித்திருக்கிறதா, புருவ ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று மேலிருந்து தொடங்குவார்கள். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்து, கயிறு போல் தடித்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். சந்தேகமான தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி இறகால் தொடுவார்கள். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்டத் தெரியாமல் விரல் தயங்கினால் அங்கே உணர்ச்சி இல்லை. 'உணர்ச்சியற்ற தேமல்' என்ற சொற்களை ஒரு தலைமுறை முழுதும் பள்ளிச் சுவரிலும் ரயில் நிலையச் சுவரிலும் படித்தே வளர்ந்தது.

பார்ப்பதற்கு ஆளுக்குச் சில நிமிடம் போதும். பார்க்க விடுவதற்கு நாள்கணக்கில் ஆகும். ஒரு வீட்டில் தேமல் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் வராது. ஆகவே அனுபவப்பட்ட ஊழியர் நேரே வீட்டுக்குப் போக மாட்டார். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுவார், பள்ளிக்கூட வாத்தியாரை உடன் அழைத்துக்கொள்வார், இது பாவத்தால் வருவதல்ல, மாத்திரையால் போவது என்று சொல்வார். மூடிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட மாட்டோம் என்று உறுதி கொடுப்பார். பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியர் வேண்டும். இல்லாத இடத்தில் புடவை மறைத்த முதுகும் இடுப்பும் பார்க்கப்படாமலே போயின, அங்கே இருந்த தேமல்களும் தப்பின. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவுக்கு நாடு தழுவிய நோய்ப்பரவல் 2005 இறுதியில் குறைந்தது. அந்தக் குறைவில் இந்தப் பெயர் தெரியாத ஊழியர்களின் திண்ணைப் பேச்சுக்கும் பங்குண்டு. மருந்தை மட்டும் சொல்லி அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

காசநோய்க்கு வந்தது வேறு வகைக் காட்டுதல். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை தென்னிந்தியா முழுதும் பெயர்பெற்றது. 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. 1955 முதல் 1958 வரை நாட்டின் பல பகுதிகளில் எக்ஸ்ரே வண்டிகள் கிராமத்துக்கே போய், இருமல் இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லாருடைய மார்பையும் படமெடுத்தன. மேல்சட்டையைக் கழற்று, சங்கிலியைக் கழற்று, மூச்சை இழுத்துப் பிடி என்ற மூன்று கட்டளைகளை நம் ஊர்கள் முதலில் கேட்டது எக்ஸ்ரேயின் முன்தான். அங்கே சங்கிலியைக் கழற்றச் சொன்னது நிழலுக்காக. படத்தில் நுரையீரலின் மேல் சங்கிலி கோடாக விழும், கழற்ற மறந்தால் இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்தது.

எல்லாரையும் கருவியின் முன் நிறுத்துவதுதான் வழி என்ற நம்பிக்கைக்கு முதல் கேள்வி எழுந்தது கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில். பெங்களூரில் 1959இல் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் அகப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏற்கெனவே இருமலோடு ஏதாவது ஒரு மருந்தகத்துக்குப் போய் வந்தவர்கள். அங்கே இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோயாளி காட்ட வந்திருக்கிறார், பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. தேசியக் காசநோய்த் திட்டம் எக்ஸ்ரே வண்டியை நம்பாமல், இருமலோடு வருகிறவரின் சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் வழிக்குத் திரும்பியதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும்பங்கு. முழு உடல் எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டும் முன் தும்கூர்க் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். உடம்பு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் சேதியைக் கேட்டாயிற்றா? மூன்று மாதமாக இருக்கும் மலச்சிக்கல், படி ஏறினால் வரும் மூச்சிரைப்பு, மாதவிலக்கு நின்ற பிறகு பட்ட ஒரு துளி ரத்தம்?

எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது என்று சொல்லும் முன், ஜவ்வாது மலையின் இன்னொரு கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் 1968இல் வானியல் ஆய்வு தொடங்கியது, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பதிவு செய்யக் காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று மங்கியது கருவியில் பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகுக்குத் தெரிந்த இரவு அது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, ஒளியின் குறைவைக் கொண்டு இருப்பை அறிந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 3இல், நியூயார்க்கின் புரூக்ளினில், ரேமண்ட் டமேடியனின் குழு 'இன்டாமிடபிள்' என்று பெயரிட்ட கருவிக்குள் முதல் முறையாக ஒரு மனித உடலை வைத்துப் படமெடுத்தது. டமேடியன் முதலில் தானே உள்ளே போய்ப் பார்த்தார், அவர் உடம்பு பருமனுக்குக் கருவி ஒத்துழைக்கவில்லை. மெலிந்த உதவியாளர் ஒருவர் போனார். மார்பின் ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. இங்கும் நேரடியாகப் பார்ப்பது கிடையாது. உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தம் வரிசைப்படுத்துகிறது, வானொலி அலை தட்டி எழுப்புகிறது, அவை திரும்பி அடங்கும்போது தரும் மெல்லிய பதிலைக் கேட்டுத்தான் படம் வரைகிறது.

இந்தப் பதிலைக் கேட்கும் வித்தையை 1946இல் அமெரிக்காவில் பர்சலும் பிளாக்கும் கண்டுபிடித்தார்கள். ஐந்தே ஆண்டில், 1951இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் குழாயில் ஓடும் திரவத்தைக் காந்தத்தின் நடுவே விட்டு, ஓட்டத்தின் வேகத்துக்கேற்ப அந்தப் பதில் மாறுவதை எழுதி வெளியிட்டார். இன்று ஊசி போடாமலே ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யில் படமெடுக்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்விடும் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும்.

1973இல் பால் லாட்டர்பர் படமாக்கும் முறையைச் சொன்னார், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதை வேகப்படுத்தினார், இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980 ஆகஸ்ட் 28இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு மருத்துவப் பயனுள்ள ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் இருந்த கட்டியும், கல்லீரலில் இருந்த மாற்றமும், எலும்புக்குப் பரவியிருந்த புற்றும் அதில் தெரிந்தன. ஒரே கருவி ஒரே நாளில் மூன்று உறுப்பின் கதையைச் சொன்னது. முழு உடலையும் பார்க்கலாம் என்ற ஆசை முதல் நாளிலேயே பிறந்துவிட்டது என்று சொல்லலாம். 2004இல் ஜப்பானின் டாரோ தகஹாரா, நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு முழுதிலும் நீரின் அசைவை அளந்து சந்தேகத்துக்குரிய இடங்களை எடுத்துக்காட்டும் முறையை வகுத்தார். இன்றைய முழு உடல் ஸ்கேனின் நடுநாயகம் அதுதான்.

அது ஜப்பானில் பிறந்ததும் தற்செயல் என்று தோன்றவில்லை. அங்கே 1954 முதல் 'நிங்கென் டோக்கு' என்ற வழக்கம் இருக்கிறது. கப்பலைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்ப்பதுபோல், மனிதனையும் ஓரிரு நாள் கரையேற்றிப் பார்ப்பது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று பெயர். 1983இல் சென்னையில் தொடங்கிய அப்பல்லோ மருத்துவமனை அந்தச் சொல்லை வீட்டுப் பேச்சாக்கியது. அரசு 1999இல் 'வருமுன் காப்போம்' முகாம்களைத் தொடங்கியது. 2021 செப்டம்பர் 29இல் வாழப்பாடியில் அது புது உருவம் எடுத்தது. அதற்குச் சில வாரம் முன்பு, ஆகஸ்ட் 5இல், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர் மறுபடி வாசலுக்கே வந்தார், தொழுநோய்க் காலத்தைப் போல.

ஸ்கேன் மைய வாசலில் அந்தப் பெண்ணை நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவர் இன்னும் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஊக்கு, ஹேர்பின், கொலுசு, மெட்டி, மூக்குத்தி. மூக்குத்தியின் திருகு பல வருடம் கழற்றாமல் இறுகிப்போயிருக்கும், முதல்நாளே தட்டாரிடம் போனால் ஸ்கேன் மேசையில் கண்ணீர் விட வேண்டியதில்லை. தங்கமும் வெள்ளியும் காந்தத்தால் இழுபடுவதில்லை. ஆனால் வானொலி அலை பாயும்போது உலோக வளையங்கள் சூடேறலாம், பக்கத்திலுள்ள உறுப்பின் படமும் சிதையும். பட்டுப்புடவைச் சரிகையிலும் உலோக இழை உண்டு, அதனால் நல்ல காரியத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போகக் கூடாது. பழைய பருத்திப் புடவையோ நைட்டியோ போதும், அங்கே கவுன் கொடுப்பார்கள். கண் மையிலும் புருவப் பூச்சிலும் இரும்பு ஆக்சைடு இருக்கக்கூடும், அன்று வேண்டாம். கையில் பாட்டி காலத்துப் பச்சை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் காந்தத்துக்கு அந்நியம். பேரனின் தோளில் இருக்கும் வண்ண டாட்டூவில் இரும்பு கலந்த மை இருக்கலாம். சுரீர் என்று சுட்டால் உடனே சொல்ல வேண்டும்.

வாணியம்பாடிப் பெண்களுக்கு ஹிஜாப் பின்னும் கருகமணியும். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளிக் காசு, கையில் தாயத்து. தாயத்துக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது, செம்புத் தகடாகவும் இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம். கோயிலிலோ தர்காவிலோ மந்திரித்துக் கட்டியதைக் கழற்றச் சொல்வது சின்ன விஷயமில்லை. அதை மேசை மேல் வீசாமல், கூட வந்த அண்ணன் கையிலோ அம்மா கையிலோ பக்குவமாக வாங்கி வைக்கச் சொல்லும் ஊழியர் நல்ல ஊழியர்.

தாலிக்கு ஊர் தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பல காலமாகச் செய்வதுதான். முதல்நாள் மாலையோ அன்று விடியற்காலையோ, வீட்டுப் பெரிய பெண் முன்னிலையில், விரலி மஞ்சள் கட்டிய புதுக் கயிற்றைக் கழுத்தில் ஏற்றிய பிறகு பொன் தாலியை இறக்குகிறார்கள். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருப்பதில்லை. மஞ்சளும் நூலும் காந்தத்துக்கு இல்லாத பொருள்கள் மாதிரிதான். எந்த மருத்துவக் கையேடும் எழுதாமல், மாமியார்களும் நாத்தனார்களும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாடு, பாதுகாப்பு விதிக்கும் மரபுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கிறது. கையேடு எழுதுகிறவர்கள் இதைத் தங்கள் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியே இருப்பதைக் கழற்றிவிடலாம், உள்ளே இருப்பதைச் சொல்லத்தான் முடியும். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை விபத்துக்குப் பிறகு "காலில் பிளேட் வெச்சிருக்கு" என்று சொல்லும் ஆட்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. டைட்டானியம் பிளேட் என்றால் பெரும்பாலும் தடையில்லை. எந்த உலோகம் என்பதைச் சொல்ல டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தால் மாடல் எண்ணோடு அட்டையைக் காட்ட வேண்டும். சில பழைய கருவிகளோடு உள்ளே போகவே கூடாது. வெல்டிங், லேத் பட்டறையில் வேலை செய்தவருக்குக் கண்ணில் எப்போதோ பறந்து விழுந்த இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். அவருக்கு முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே. காப்பர்-டி பெரும்பாலும் பிரச்சினையில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் அதைச் சொல்ல மாட்டாள். கேள்வித்தாளைத் தனியறையில் வைத்துக் கேட்பதில் அந்த மையத்தின் தரம் தெரியும். வீட்டில் மஞ்சப்பையில் மடித்து வைத்திருக்கும் பழைய சீட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவது பத்து மணி நேரப் பட்டினியைவிடப் பயனுள்ளது. பட்டினி வேண்டுமென்றாலும் பொதுவாக நான்கு மணி நேரம்தான், அதையும் மையம் சொன்னால் போதும். தினசரி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

உள்ளே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சம்மட்டி அடிப்பது போன்ற சத்தம் வரும், காதில் பஞ்சோ செவிமூடியோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்ற குரல் ஒலிபெருக்கியில் வரும். இதை வீட்டிலேயே நாலு தடவை பழகிக்கொண்டால் படம் கலங்காது. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயம் வந்தால் அழுத்தலாம்.

இவ்வளவு ஆயத்தத்துக்கும் முன்னால் ஒரு ஆயத்தம் இருக்கிறது. ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்தால் என்ன செய்வது என்பதை முன்பே யோசிப்பது. நலமாக இருப்பவர் உடம்பில் தீங்கற்ற நீர்க்கட்டியும் முடிச்சும் எத்தனையோ இருக்கும். பார்த்தால் தெரியும், தெரிந்தால் தூக்கம் போகும், ஊசி குத்தி எடுக்கும் பரிசோதனை வரை இழுத்துக்கொண்டு போகும். நோய்க்குறி இல்லாத எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2023இல் அறிவித்தது. லி–ஃப்ரௌமெனி போன்ற பரம்பரைப் புற்றுநோய்க் கூறு உள்ள குடும்பங்களுக்கு இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய, உயிர்காக்கக்கூடிய சோதனை என்பதும் உண்மைதான். மற்றவர்கள் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு முடிவு செய்வதுதான் சரி. இந்த ஸ்கேன் மேமோகிராமுக்கு ஈடாகாது. குடலில் தோன்றும் சிறு முளைகளையும் கர்ப்பப்பை வாயின் தொடக்க மாற்றங்களையும் இது பெரும்பாலும் காட்டாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றித் தமிழ்நாடு உலகுக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, கிராமப் பெண்களிடம் செவிலியர் வினிகர் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வெள்ளையாக மாறும் இடம் சந்தேகத்துக்குரியது. 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: பரிசோதிக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. வினிகர், ஒரு டார்ச் வெளிச்சம், பழகிய செவிலி. கோழி இறகோடு திண்ணையில் உட்கார்ந்த தொழுநோய் ஊழியரின் நேர்வாரிசு அந்தச் செவிலிதான்.

2019 நவம்பர் 28இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு ஆகிய மலை நாடுகள் அதில் அடக்கம். வாணியம்பாடிப் பக்கத்து நெக்னாமலையிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தோளில் இறக்கிய செய்திகளைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. அந்த மலையில் சாமை அறுக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு எந்தப் பரிசோதனை முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை: ரத்த அழுத்தம், சர்க்கரை, அந்த வினிகர். காந்தக் குழலுக்குக் காசு கட்டக்கூடிய மகன் பெங்களூரில் இருந்தால், அம்மாவுக்கு அந்த மூன்றும் ஆயிற்றா என்று முதலில் கேட்கலாம்.

ஸ்கேன் முடிந்து அந்தப் பெண் வெளியே வருகிறார். காதில் சத்தம் இன்னும் இரைகிறது. நாத்தனார் கைப்பையைத் திறந்து முடிச்சவிழ்த்து ஒவ்வொன்றாக நீட்டுகிறார். மூக்குத்தி, தோடு, மெட்டி. பொன் தாலியை அங்கேயே போட்டுக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய் விளக்கேற்றிப் போடலாம் என்று மஞ்சள் கயிற்றோடே பேருந்தேறுகிறார்கள். அந்தக் கயிற்றைக் குப்பையில் போடுவதில்லை, ஓடும் தண்ணீரிலோ கிணற்றிலோ விடுவதுதான் முறை. ஊக்கு இரண்டையும் மட்டும் அவர் பேருந்திலேயே கேட்டு வாங்கி, மஞ்சள் கயிற்றில் குத்திக்கொள்கிறார்.